ஒரு ஹெலி வாங்குவதற்கு முன்

"மாமா, எனக்கு ஹெலி ஒண்டு வேணும். எது நல்லது எண்டு நீங்கள் பாத்துச் சொல்லுங்கோ. பெரிய மாமா வரேக்க கொண்டு வாறாராம்."

கிளிநொச்சியிலிருந்து அக்காவின் மூத்த மகன் வட்ஸ்அப்பில் அனுப்பிய குரல் பதிவு இது. கனடாவில் இருக்கும் பெரியண்ணா ஓகஸ்ட்டில் வருகிறார். என்ன வேண்டும் என்று கேட்டிருக்கிறார். சப்பாத்து, ஃபோன் என்று எதையும் கேட்காமல், பற்றரியில் இயங்கி ரிமோட்டில் பறக்கும் ஹெலிகொப்டர் ஒன்றைக் கேட்டிருக்கிறான் பையன். வீட்டுக் கூடத்துக்குள் பறக்கும் உள்ளங்கை அளவு விளையாட்டுச் சாமான் அல்ல, வெளியில் பறக்கவிடுகிற நடுத்தர அளவு ஹெலி.

அவன் போர் முடிந்து இரண்டு வருடத்தின் பின் பிறந்தவன். ஹெலி என்றால் அவனுக்கு யூடியூப். அவனுடைய அம்மாவுக்கோ, பிரமுகர் யாராவது ஹெலியில் வந்திறங்கினால் அன்று முழுக்கச் சாப்பாடு இறங்காது. இதை வாசிப்பவர்களில் பலருக்கு ஏன் என்று விளக்கத் தேவையில்லை. ஆகவே பையன் கேட்ட கேள்விக்கு இரண்டு விடைகள் தேட வேண்டியிருந்தது. எது நல்ல ஹெலி என்பது ஒன்று. எது எங்கள் வளவுக்குப் பக்கத்தில் பறக்கக்கூடிய ஹெலி என்பது மற்றது. ஊடகக் கற்கை படித்த எனக்கு மோட்டாரும் பற்றரியும் புதிது. இரண்டு மாதம் தேடி, அண்ணாவின் நண்பர்கள் வட்டத்தில் ஹெலி பறக்கவிடும் ஒருவரிடம் திரும்பத் திரும்பக் கேட்டு அறிந்தவற்றை எழுதுகிறேன். இப்போது பல வீடுகளில் பிள்ளைகள் இப்படிக் கேட்கத் தொடங்கிவிட்டார்கள்.

முதலில் அளவு. இந்த ஹெலிகளை 450, 500, 600, 700 என்று எண்களால் அழைக்கிறார்கள். எண் ஓரளவுக்கு இறக்கையின் நீளத்தைக் குறிக்கும். ஆனால் நம்பிவிடக் கூடாது. 450 என்ற வகையில் இறக்கை 325 மில்லிமீற்றர்தான். 500 வகையில் 425 மில்லிமீற்றர். 600க்கு வந்தால்தான் எண்ணும் நீளமும் ஒத்துப்போகின்றன. தாய்வானின் அலைன் நிறுவனம் வெளியிட்ட ரீ-ரெக்ஸ் 450 உலகமெங்கும் பரவியதால், அதன் அமைப்பைப் பார்த்துச் செய்த மலிவு உதிரிப்பாகங்கள் இன்றும் ஏராளம். 450 ஒரு கிலோவுக்குள் அடங்கும். 500 வகை அதைப்போல ஏறத்தாழ இரண்டு மடங்கு எடை.

சின்னதுதான் தொடங்குபவருக்குச் சுகம் என்று நானும் நினைத்திருந்தேன். பறத்தலைப் பொறுத்தவரை அது தவறு. சின்ன ஹெலி காற்றில் அலைக்கழியும். ஐம்பது மீற்றருக்கு அப்பால் போனால் மூக்கு எது வால் எது என்று தெரியாது. திசை குழம்பினால் விழுந்தது என்றுதான் அர்த்தம். பெரியது நிதானமாக நிற்கும், கண்ணுக்கும் தெரியும். சோளகக் காற்று வீசும் மாதங்களில் 450ஐ வெளியில் எடுக்கவே யோசிக்க வேண்டும். ஆனால் விழுந்தால் செலவு பெரியதற்குத்தான் கூட. இறக்கை, நடுத்தண்டு, பற்சக்கரம், வால் குழாய் என்று ஒரு விழுகையில் நாலைந்து சாமான் போகும். முதல் வருடத்தில் விழாமல் பழகியவர் யாரும் இல்லை. எனவே ஹெலியின் விலையைக் கேட்பதற்கு முன், ஒரு தடவை விழுந்தால் எவ்வளவு, அந்தச் சாமான்கள் யார் மூலம் எத்தனை நாளில் வரும் என்பதைக் கேளுங்கள். கிளிநொச்சிக் கடையில் வால் குழாய் வாங்க முடியாது.

அடுத்தது, இது எப்படிப் பறக்கிறது என்பது. விளையாட்டு ஹெலிகள் பலவற்றில் மேலெழும்ப வேண்டுமென்றால் மோட்டார் வேகமாகச் சுற்றும், இறங்க வேண்டுமென்றால் மெதுவாகும். நடுத்தர ஹெலியில் சுற்றும் வேகம் மாறாது. இறக்கையின் சாய்வுக் கோணம்தான் மாறும். உண்மையான ஹெலியும் இப்படித்தான். இதனால் கை அசைந்த கணத்தில் ஹெலி அசையும். மோட்டார் நின்றாலும், இறக்கைகளின் சுழற்சியைக் காற்றால் காப்பாற்றிக்கொண்டு தரையிறக்க முடியும். தலைகீழாகக்கூடப் பறக்கலாம். பையனைப் பிடித்துக்கொண்டது அந்தத் தலைகீழ் வீடியோக்கள்தான்.

பழைய ஹெலிகளில் இறக்கைக்குக் குறுக்கே, நுனியில் சின்னத் துடுப்புகளோடு ஒரு கம்பி இருக்கும். ஹெலியை நிலைநிறுத்துவது அதன் வேலை. இப்போது அந்த வேலையை ஜைரோ பொருத்திய ஒரு சின்ன மின்னணுப் பெட்டி செய்கிறது. பழையது மலிவாகக் கிடைக்கிறதென்று யாராவது தந்தால், அந்தக் கம்பி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் வேண்டாம். புதிய பெட்டிகள் சிலவற்றில் மீட்புப் பொத்தான் உண்டு. பிள்ளை குழம்பிப்போனால் அதை அழுத்தலாம், ஹெலி தானாக நிமிர்ந்து மேலே ஏறும். எதில் மிச்சம் பிடித்தாலும் இதில் பிடிக்க வேண்டாம் என்பது என் கருத்து.

இனி ஆபத்து. மெழுகுதிரி ஏற்றிப் பிறந்தநாளுக்குக் கொடுக்கும் பொருளல்ல இது. 500 வகையில் இறக்கைகள் சுழலும் வட்டத்தின் விட்டம் ஏறத்தாழ ஒரு மீற்றர். நிமிடத்துக்கு 2000 சுற்று என்று மெதுவாக ஓடவிட்டாலும் இறக்கையின் நுனி மணிக்கு 350 கிலோமீற்றருக்கு மேல் போகிறது. 2013 செப்டெம்பரில் நியூயோர்க்கின் புரூக்ளின் பகுதிப் பூங்கா ஒன்றில் 19 வயது இளைஞர் ஒருவர் தான் பறக்கவிட்ட ஹெலி தலையில் பட்டு இறந்தார். அவர் பழக்கமில்லாதவர் அல்லர். அது இதைவிடப் பெரிய ஹெலி என்பது உண்மை. ஆனால் 450கூட விரலை எடுத்துவிடும். பத்து மீற்றருக்குக் கிட்ட யாரும் நிற்கக் கூடாது, தனியே பறக்கவிடக் கூடாது என்று பையனிடம் எழுதி வாங்கியிருக்கிறேன்.

பற்றரியும் அப்படித்தான். லித்தியம் பொலிமர் பற்றரி அடிபட்டாலோ, கூட ஏற்றினாலோ தீப்பிடிக்கும். தண்ணீர் ஊற்றி இலேசில் அணைக்கவும் முடியாது. கிடுகுக் கூரையின் கீழ் இதைச் சார்ஜ் போடக் கூடாது. வெளியே சீமெந்துத் தரையில், மண்வாளி பக்கத்தில் இருக்க, ஆள் காவலோடு போட வேண்டும். முழுதாக ஏற்றியபடி நாட்கணக்கில் வைக்கக் கூடாது. ஒரு செல்லுக்கு 3.8 வோல்ற் அளவில் வைத்தால் நீண்ட நாள் உழைக்கும். ஊதிப் பெருத்ததைத் திரும்பப் பாவிக்கவே கூடாது.

வெளிநாட்டிலிருந்து உறவினர் கொண்டுவருவதாக இருந்தால் இன்னொரு கணக்கு உண்டு. தனிப் பற்றரிகளைப் பெட்டியில் போட்டு ஏற்ற முடியாது, கைப்பையில்தான் வர வேண்டும். முனைகளை மூடி ஒட்ட வேண்டும். ஒவ்வொன்றும் 100 வோட்மணிக்குள் இருக்க வேண்டும். அதற்கு மேல் 160 வரை விமான நிறுவனத்தின் அனுமதி தேவை. வோல்ற்றை அம்பியர்மணியால் பெருக்கினால் வோட்மணி வரும். 500 வகைக்குப் பொருந்தும் ஆறு செல் பற்றரி 22.2 வோல்ற், 3 அம்பியர்மணி என்றால் 66.6 வோட்மணி. பிரச்சினை இல்லை. பெரிய ஹெலிகளுக்கான 5 அம்பியர்மணிப் பற்றரி 111 ஆகிவிடும். 600க்குப் போக வேண்டாம் என்று முடிவெடுக்க இதுவும் ஒரு காரணம்.

சத்தத்துக்கு வருகிறேன். மின்சார ஹெலி சத்தமில்லாதது என்று விற்பவர்கள் சொல்வார்கள். மோட்டார்தான் சத்தமில்லாதது, இறக்கை அல்ல. எங்கள் தலைக்கு மேல் வந்த பெல் 212க்கு இரண்டு இறக்கைகள். நிமிடத்துக்கு ஏறத்தாழ 324 சுற்று. அதாவது செக்கனுக்குப் பதினொரு அடி. அதனால்தான் அது தனித்தனி அடியாக, நெஞ்சுக்குள் விழுவதுபோலக் கேட்டது. 500 வகை மாதிரி ஹெலி 2000 சுற்றில் செக்கனுக்கு அறுபத்தேழு அடி அடிக்கும். காதுக்கு அது தனித்தனியாகப் பிரியாது, ஒரே முழக்கமாகத்தான் கேட்கும். 450ஐ 2800 சுற்றில் விட்டால் தொண்ணூறைத் தாண்டும். அதோடு பற்சக்கரத்தின் கீச்சொலியும் சேரும்.

கணக்குச் சரி, கேட்பவர் மனது என்ன சொல்லும் என்று தெரியவில்லை. அக்காவிடம் முதலே சொல்லிவிட்டு, இரண்டு பதிவுகளை ஃபோனில் குறைந்த சத்தத்தில் போட்டுக் காட்டினேன். 450ஐக் கேட்டதும் உடனே நிறுத்தச் சொன்னார். "தம்பி, இது வண்டு." வன்னியில் இருந்தவர்களுக்குத் தெரியும், ஆளில்லா வேவு விமானத்துக்கு நாங்கள் வைத்த பெயர் அது. வண்டு சுற்றினால் பின்னால் என்ன வரும் என்பதும் தெரியும். 500ஐ, மெதுவான சுற்றில், கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். "இது தண்ணி இறைக்கிற மிசின் மாதிரிக் கிடக்கு" என்றார்.

500 என்று தீர்மானித்தது அப்படித்தான். செலவைப் பார்த்தால் 450தான் புத்தி. அண்ணாவும் அதைத்தான் சொன்னார்.

பையனுக்கு ஒரு ஆசை மிச்சம் இருந்தது. 450, 500 அளவுகளுக்குப் பெல் யூஎச்-1 போன்ற உண்மை ஹெலிகளின் வடிவத்தில் வெளியுடல் விற்கிறார்கள். பச்சை நிறத்தில் ஒன்றைப் படம் அனுப்பியிருந்தான். அதற்கு மட்டும் நான் ஒப்புக்கொள்ளவில்லை. அம்மாவுக்கு, அயலுக்கு என்பது ஒரு பக்கம். வீதியால் போகும் இராணுவத்தினர் அதைப் பார்த்து என்ன நினைப்பார்கள் என்பது இன்னொரு பக்கம். மஞ்சளும் செம்மஞ்சளும் கலந்த முகமூடி போதும். தூரத்தில் மூக்கு எது என்று தெரிவதற்கும் அதுதான் நல்லது.

அனுமதி இல்லாமல் இந்த வேலையில் இறங்க வேண்டாம். ஆளில்லாமல் பறப்பவற்றுக்கு இங்கே சிவில் விமான சேவைகள் அதிகாரசபையும் பாதுகாப்பு அமைச்சும் சம்பந்தப்பட்ட அனுமதி நடைமுறை இருக்கிறது. ரிமோட் ஒரு வானொலிக் கருவி என்பதால் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவையும் கேட்க வேண்டும். 2019 ஏப்ரல் தாக்குதல்களின் பின் ட்ரோன் பறப்பது முற்றாக நிறுத்தப்பட்டதை நினைவில் வையுங்கள். நிலைமை எந்த நேரமும் மாறலாம். பொருள் வந்த பிறகு சுங்கத்தில் நின்று விளக்குவதைவிட, வருவதற்கு முன் கடிதம் எழுதிப் பதிலை எழுத்தில் வாங்குவது நல்லது. நாங்கள் எழுதியிருக்கிறோம். பதில் வராவிட்டால் ஹெலி கனடாவில் அண்ணாவின் நிலவறையில் இருக்கட்டும் என்று பேசியிருக்கிறோம்.

இடம் அறுவடை முடிந்த வயல்தான். மின்கம்பி இல்லாத பக்கம். முகமாலை போலக் கண்ணிவெடி அகற்றும் வேலை வருடக்கணக்காக நடக்கிற இடங்களுக்குக் கிட்ட இருப்பவர்கள் ஒன்றைப் பிள்ளைகளுக்கு அடித்துச் சொல்லுங்கள். ஹெலி பற்றைக்குள் விழுந்தால் விழுந்ததுதான். தேடிக்கொண்டு இறங்கக் கூடாது.

இதற்கிடையில் பையன் சும்மா இருக்கவில்லை. கணினியில் ஹெலி ஓட்டப் பழகும் மென்பொருள்கள் உண்டு. பின்னர் ஹெலிக்குப் பாவிக்கப்போகிற அதே வகைக் கட்டுப்பாட்டுப் பெட்டியைக் கணினியில் செருகிப் பழகலாம். அனுமதிகள் வரும்வரை விசைப்பலகையோடு மல்லுக்கட்டுகிறான். வால் தன் பக்கம் பார்க்க, அசையாமல் ஒரு நிமிடம் நிறுத்துவதே முதல் பாடம். இருநூறு தடவை விழுத்திவிட்டானாம். ஒரு காசும் செலவில்லை.

அக்கா ஒரு நிபந்தனை போட்டிருக்கிறார். பறக்கவிடுவதற்கு முதல் நாள் சுற்றிவர உள்ள வீடுகளுக்கெல்லாம் போய்ச் சொல்ல வேண்டும். நாலாம் வீட்டு அம்மம்மாவுக்கு ஹெலியைக் கொண்டுபோய்க் காட்டியே சொல்ல வேண்டும். அந்த அம்மம்மா இன்றும் சத்தம் கேட்டால் கட்டிலுக்குக் கீழே போகிறவர்.

அண்ணா டிக்கெற் எடுத்துவிட்டார். பற்றரியின் மேல் 66.6 என்று அச்சடித்திருக்கிறதா என்று நேற்றும் கேட்டேன். படம் எடுத்து அனுப்புவதாகச் சொன்னார்.