சூழ்ச்சியும் துணிவும்

'சூழ்ச்சி' என்னும் சொல் இன்று பெரும்பாலும் வஞ்சகத் திட்டம் என்னும் பொருளிலேயே வழங்குகிறது. திருக்குறளில் அதற்கு நற்பொருள் உண்டு. ஒரு வினையை எல்லாப் பக்கமும் நோக்கி ஆராய்தலே சூழ்ச்சி. அமைச்சரைச் 'சூழ்வார்' எனக் குறித்ததும் இதனாலேயே.

இத்துணைச் சிறப்புடைய சூழ்ச்சிக்கும் வள்ளுவர் எல்லை வகுத்துள்ளார். வினைசெயல்வகை என்னும் 68ஆம் அதிகாரத்தின் முதற் குறள், ஆராய்ச்சியின் முடிவு துணிவு பெறுதலே என்றும், துணிந்தபின் காலந்தாழ்த்தல் தீது என்றும் கூறுகிறது. எண்ணாமல் தொடங்குவதை 47ஆம் அதிகாரம் கடிகின்றதே, இவை முரணாகாவோ எனின், ஆகா. முன்னது எண்ணாமையைக் கடிகிறது. பின்னது எண்ணம் முடிந்த பின்னும் எண்ணிக்கொண்டேயிருத்தலைக் கடிகிறது.

எண்ணம் முடிந்தது என்பதை எவ்வாறு அறிவது? பொருள், கருவி, காலம், வினை, இடம் என்னும் ஐந்தையும் ஐயமற ஆராய்க என்பது அதே அதிகாரத்தின் ஐந்தாம் குறள். இவ்வைந்திற்கும் விடை கிடைத்துவிட்டால் சூழ்ச்சி முற்றுப்பெற்றது என்க. அதற்குமேல் செய்யும் திருத்தமெல்லாம் தாழ்ச்சியின் மறுவடிவமே.

கூலிம் வட்டாரத் தோட்டங்களில் இரப்பர் மரம் சீவியோர் இதனை நன்கறிவர். மழுங்கிய கத்தி பட்டையைக் கெடுக்கும். ஆதலின் தீட்டுதல் இன்றியமையாதது. ஆயினும் மரத்தின் உள்ளழுத்தம் மிகுந்திருப்பது விடியற் குளிரில்தான். வெயில் ஏற ஏற இலைகள் நீரை வெளிவிடும், அழுத்தம் தாழும், பால் குறையும். பொழுதேறும்வரை கத்தி தீட்டியவனுக்குக் கூரிய கத்தி இருக்கும். மங்கில் பால் இராது.

இக்குறளுக்கு மலேசியத் தமிழர் வரலாற்றிலேயே சான்றுண்டு. 1950களில் ஐரோப்பியர் பெருந்தோட்டங்கள் பல விற்கப்பட்டுத் துண்டாடப்பட்டன. தோட்டத்து வீடு வேலையோடு பிணைந்தது. வேலை போனவர் வீட்டையும் இழந்தார். இந்நிலையில், அந்நாளில் மலாயா இந்தியர் காங்கிரசின் தலைவராக இருந்த வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். ஐந்திற்கும் அங்கே விடை இருந்தது. பொருள்: 100 வெள்ளிப் பங்கு, மாதம் 10 வெள்ளித் தவணை. கருவி: கூட்டுறவு. காலம்: தோட்டங்கள் கைமாறிக்கொண்டிருந்த அந்நாள். வினை: தோட்டத்தைத் தொழிலாளரே வாங்குதல். இடம்: கெடாவின் புக்கிட் சிடிம் தோட்டம். 1961இல் அத்தோட்டம் சங்கத்தின் முதல் உடைமையாயிற்று.

1951 முதல் 1960 வரை நிகழ்ந்த துண்டாடலை விரிவாக ஆராய்ந்த உங்கு அசீசின் அறிக்கை, இதன் பின்னரே வெளிவந்தது. அவ்வாய்வு வேண்டத்தக்கதே. ஆயினும் அது முடியட்டும் என்றோ, நிதி முழுவதும் சேரட்டும் என்றோ காத்திருந்தால், வாங்குவதற்குத் தோட்டம் காத்திருந்திராது. சங்கத்தால் எல்லாத் தோட்டங்களையும் காக்க இயலவில்லை என்பதும் உண்மையே. இயன்றவற்றைக் காத்தது, தொடங்கியதனால்.

இன்றைய மாணவர்க்கு இக்குறள் பெரிதும் வேண்டப்படுகிறது. தேர்வுக்குப் படிக்க வேண்டியவர் கால அட்டவணையை வண்ண மையால் வரைந்து, அழித்து, மீண்டும் வரைகிறார். கைப்பேசியில் திட்டக் குறிப்புச் செயலிகளை மாற்றி மாற்றிப் பார்க்கிறார். இதனைச் சோம்பல் என்று சொல்லிவிடுதல் பொருந்தாது. உழைத்த நிறைவு அதில் கிடைக்கிறது. தவறிவிடுவோம் என்னும் அச்சமோ இல்லை. கணக்கைப் போட்டால் விடை பிழையாகலாம். அட்டவணை வரைந்தால் பிழையாவதற்கு ஒன்றுமில்லை. இவ்வச்சமே தாழ்ச்சியின் வேர். ஆதலின் கடிந்துரைப்பதால் அது நீங்காது.

இவ்வதிகாரத்தை நடத்தும் ஆசிரியர் பொருளுரையோடு நிறுத்த வேண்டுவதில்லை. மாணவர் ஒவ்வொருவரும் தாம் செய்ய எண்ணியுள்ள ஒரு வினையை எடுத்து, ஐந்து விடைகளையும் ஐந்து வரியில் எழுதட்டும். ஆறாம் வரியில் தொடங்கும் நாளை எழுதச் செய்க. அந்நாள் வந்ததும் ஏட்டைத் திருத்தாமல், வினையின் முதற்பகுதியைக் கேட்டுப் பெறுக. அது குறையுடையதாக இருப்பினும் ஏற்றுக்கொள்க. தொடங்கிய வேலையில்தான் எங்கே குறை, எதைத் திருத்தலாம் என்பது தெரியவரும்.