எதிராளியின் பக்கம்

கடலோர வகுப்பறை – 8

1907 என்று வைத்துக்கொள்வோம். தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்குப் போக வேண்டும். அங்கே வேலை காத்திருக்கிறது. கரையில் இரண்டு கப்பல். ஒன்று வ.உ.சி.யின் சுதேசிக் கப்பல் கம்பெனியுடையது. டிக்கெட்டுக்குக் காசு கொடுக்க வேண்டும். மற்றது பிரிட்டிஷ் இந்தியா கம்பெனியுடையது. போட்டியில் கட்டணத்தைக் குறைத்துக் குறைத்து, சும்மாவே ஏற்றிக்கொள்கிறோம் என்கிற அளவுக்கு வந்துவிட்டார்கள். ஆளுக்கொரு குடையும் தருகிறார்களாம். உங்கள் மடியில் இருப்பது ஒரு வாரச் சாப்பாட்டுக்கான காசு. எதில் ஏறுவீர்கள்?

எட்டாம் வகுப்பில் இந்தக் கேள்வியைப் போட்டால் முதல் நிமிடத்திலேயே வகுப்பு மொத்தமும் சுதேசிக் கப்பலில் ஏறிவிடும். வ.உ.சி. பிறந்த மாவட்டம், துறைமுகத்துக்கே அவர் பெயர், பாடப்புத்தகத்தில் அவர் படம். வேறு விடை சொல்ல எந்தப் பிள்ளைக்குத் துணிச்சல் வரும்? வருகைப் பதிவில் ‘உள்ளேன் ஐயா’ சொல்வதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசமில்லை.

ஆனால் கொஞ்சம் பொறுத்தால் பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வரும். “சார், கையில காசில்லன்னா என்ன செய்வான்? சும்மா போற கப்பல்லதான ஏறுவான்?” உடனே ஒரு சிரிப்பு. ‘துரோகி’ என்று ஒருத்தன் முணுமுணுப்பான். அந்த வகுப்பில் விவாதம் பிழைக்குமா சாகுமா என்பது ஆசிரியர் அடுத்த நொடி என்ன செய்கிறார் என்பதில்தான் இருக்கிறது. “அப்படிச் சொல்லக் கூடாதுப்பா” என்றால் கதை முடிந்தது. “அருமையான கருத்து!” என்று தூக்கிவைத்தாலும் முடிந்ததுதான், சாருக்குப் பிடித்த விடை இதுதான் என்று எல்லோரும் கட்சி மாறிவிடுவார்கள். அவர் செய்யக்கூடியது ஒன்று உண்டு. சிரித்தவனைப் பார்த்து, “ஏல, இப்ப அவன் என்ன சொன்னான்? திருப்பிச் சொல்லு பாப்போம்” என்பது.

சிரித்தவனால் பெரும்பாலும் சொல்ல முடியாது. “காசு கிடைக்கும்னா நாட்டையே வித்துருவான்னு சொல்றான் சார்.” சொன்னவன் எகிறுவான்: “நான் அப்படியா சொன்னேன்?” சொன்னவனே ‘ஆமா, இதைத்தான் சொன்னேன்’ என்று ஒப்புக்கொள்ளும்வரை மறுத்துப் பேச அனுமதி இல்லை. வகுப்பறை விவாதத்துக்கு ஆயிரம் உத்திகளை எழுதிவைத்திருக்கிறார்கள். எனக்கு ஒன்றை மட்டும் வைத்துக்கொள் என்றால் நான் இதைத்தான் வைத்துக்கொள்வேன்.

இது ஏதோ வெளிநாட்டுச் சரக்கு என்று நினைக்க வேண்டாம். பவணந்தியார் நன்னூல் பாயிரத்தில் ஒரு நூலாசிரியன் கொள்ளக்கூடிய ஏழு மதங்களை, அதாவது கொள்கைகளை, வரிசைப்படுத்துகிறார். வரிசையில் முதலில் நிற்பது பிறர் கருத்தோடு உடன்படுவது. மறுப்பதற்கு இரண்டாம் இடம். மூன்றாவதுதான் நம் வகுப்புக்கு வேண்டியது: அடுத்தவர் கருத்தை முதலில் ஏற்று நடந்து, பிறகு அதைக் களைவது. சூத்திரத்தை மனப்பாடம் செய்யவைத்து மதிப்பெண் போட்ட அளவுக்கு, பிள்ளைகள் எழுதும் கட்டுரையில் அதைச் செய்துபார்க்க நாம் இடம் கொடுக்கவில்லை.

கொடுக்காததற்குக் காரணம் நம் கட்டுரை வினாவிலேயே இருக்கிறது. பத்தாம் வகுப்புத் தமிழ்த் தேர்வில் குறிப்புகளைக் கொடுத்து, அவற்றை வைத்துக் கட்டுரை எழுதித் தலைப்பிடச் சொல்வார்கள். முன்னுரையில் தொடங்கி முடிவுரை வரை உட்தலைப்புகள் தயார். நடுவில் இட்டு நிரப்புவதுதான் மாணவர் வேலை. மரம் வளர்ப்பது நல்லது, நெகிழி கெட்டது, நூலகம் தேவை. இவற்றை மறுக்க ஊரில் ஒருவரும் இல்லை. மறுப்பவரே இல்லாத தலைப்பில் என்னத்தை வாதாடுவது?

விடையை முன்கூட்டியே தயாராக வைத்துக்கொள்ளும் இந்தப் பழக்கத்தின் வேர் இந்தக் கரையிலேயே நெடுங்காலத்துக்கு முன் ஓடியிருக்கிறது. தன் ஆயுளின் பெரும்பகுதியை முத்துக்குளித்துறையில் கழித்த அன்ரிக் அன்ரீக்கஸ் பாதிரியார் தமிழ் எழுத்தில் அச்சான முதல் நூலை 1578இல் கொல்லத்தில் கொண்டுவந்தார். அடுத்த ஆண்டு கொச்சியில் அச்சான அவருடைய கிரீசித்தியானி வணக்கம் உரையாடல் வடிவில் அமைந்தது. கேள்வி உண்டு, பதிலும் உண்டு. இரண்டையும் எழுதியவர் ஒருவரே. ஞானோபதேசத்துக்கு அது பொருத்தமான வடிவம்தான். ஆனால் நானூற்று நாற்பது ஆண்டு கழித்தும் சமூக அறிவியல் வகுப்பில் அதே வடிவத்தை வைத்துக்கொண்டு, ‘மாணவர்களோடு கலந்துரையாடினேன்’ என்று பாடக்குறிப்பேட்டில் எழுதுவதுதான் இடிக்கிறது.

“பட்டிமன்றம் நடத்துகிறோமே!” என்பார்கள். நடத்துங்கள், ஆண்டுவிழாவுக்கு நன்றாக இருக்கும். மேடைக் கூச்சம் போகும், குரல் திறக்கும். ஆனால் பட்டிமன்றத்தில் அணி முன்கூட்டியே பிரித்துக் கொடுக்கப்படுகிறது. எதிரணி எவ்வளவு நல்ல காரணம் சொன்னாலும், ‘நீ சொல்வது சரி’ என்று சொல்ல அங்கே வழி கிடையாது. சொன்னால் கைதட்டல் போய்விடும். வகுப்பில் எனக்கு வேண்டியது அந்தச் சொல்தான். மணி அடிப்பதற்குள் ஒரு பிள்ளையாவது தன் கருத்திலிருந்து அரை அடி நகர்ந்ததா என்று பார்க்கிறேன்.

நகர வேண்டுமென்றால் யோசிக்க நேரம் வேண்டும். அமெரிக்கக் கல்வியாளர் மேரி பட் ரோ 1970களில் வகுப்புகளைப் பதிவுசெய்து ஆராய்ந்தார். கேள்வி கேட்ட ஆசிரியர்கள் சராசரியாக ஒரு நொடிதான் காத்திருந்தார்கள். அதற்குள் வேறு பிள்ளையைக் கேட்டார்கள், அல்லது தாங்களே விடையைச் சொல்லிவிட்டார்கள். அதை மூன்று நொடியாக நீட்டியதும் பிள்ளைகளின் பதில் நீண்டது, வாய் திறக்காதவர்களும் பேசினார்கள். மூன்று நொடி என்பது கேட்கத்தான் சின்னது. நாற்பது பிள்ளைகள் முகத்தைப் பார்த்துக்கொண்டு சும்மா நின்று பாருங்கள், தெரியும்.

மறுபடி கப்பலுக்கு வருவோம். வாய்ப்பேச்சு சூடு பிடித்ததும் நோட்டைத் திறக்கச் சொல்ல வேண்டும். இடது பக்கம் எதிராளிக்கு, வலது பக்கம் தனக்கு. முதலில் நிரப்ப வேண்டியது இடது பக்கம். சுதேசிக் கட்சிக்காரன், வெள்ளைக்காரன் கப்பலில் ஏறுகிறவனுடைய நியாயத்தை அங்கே எழுத வேண்டும். எழுதி அவனிடமே கொடுத்துக் கையெழுத்து வாங்க வேண்டும். ‘நான் சொல்லாததை எழுதியிருக்கிறான்’ என்று தோன்றினால் அவன் கையெழுத்துப் போடமாட்டான். கையெழுத்தில்லாத நோட்டில் வலது பக்கம் எழுதக் கூடாது. பிள்ளைகள் இதில் காட்டும் கறார் ரிஜிஸ்தர் ஆபீஸில்கூட இருக்காது.

இந்த இடத்தில்தான் தகவல் தேவைப்படும். தகவல் கொடுக்க வேண்டிய நேரமும் அதுதான். சுதேசிக் கம்பெனி 1906 அக்டோபர் 16 அன்று பதிவானது. மூலதனம் 10 லட்ச ரூபாய். 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். இதைச் சொன்னவுடன் ‘சும்மா போகிற கப்பலில் ஏறுவேன்’ கட்சி பிடித்துக்கொள்ளும்: அந்தக் காலத்தில் 25 ரூபாய்க்குப் பங்கு வாங்கக் கூலிக்காரனால் முடியுமா? முதலாளிமார் கப்பலுக்கு நான் ஏன் பட்டினி கிடக்க வேண்டும்? நல்ல அடி. எதிர்த்தரப்பு சும்மா இருக்காது. 1908 பிப்ரவரியில் கோரல் மில் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது அவர்களோடு நின்றவர் யார்? வ.உ.சி.தானே? அப்படியானால் அவருடைய கப்பல் முதலாளிமாருக்கு மட்டுமா? இன்னொருத்தி 2016இல் ஜியோ சும்மா கொடுத்த டேட்டாவைக் கொண்டுவருவாள்: “இப்ப சும்மா கொடுக்கவன் எதிராளி போனப்பறமும் சும்மாவே கொடுப்பானா சார்?” சுதேசிக் கம்பெனி 1911இல் கலைக்கப்பட்டது என்ற செய்தியை அப்போது பலகையில் எழுதினால் போதும், மேற்கொண்டு விளக்கம் வேண்டாம்.

“குடை கொடுத்தான்னு எதுல சார் இருக்கு?” என்று ஒரு பிள்ளை கேட்டால் அன்றைய பாடம் வெற்றி. எல்லோரும் சொல்கிறார்கள் என்பது சான்று ஆகாது என்பதை அந்தப் பிள்ளை தானாகக் கண்டுபிடித்துவிட்டது. ஆ. இரா. வேங்கடாசலபதியின் ‘திருநெல்வேலி எழுச்சியும் வ.உ.சி.யும் 1908’ நூலைக் கையில் கொடுத்து, அவர் ஒரு செய்தியை எழுதும்போது அதற்கு என்ன ஆவணம் காட்டுகிறார் என்று பார்க்கச் சொல்லலாம்.

சான்று என்றதும் முத்துச்சலாபம், அதாவது முத்துக்குளிப்பு, நினைவுக்கு வருகிறது. தூத்துக்குடியில் கடைசிச் சலாபம் 1961இல் நடந்தது. அது பழைய கதை ஆகிவிட்டாலும், அதன் நடைமுறையில் கணக்கு வாத்தியாருக்கும் தமிழ் வாத்தியாருக்கும் சேர்த்து ஒரு பாடம் இருக்கிறது. சலாபம் அறிவிக்கும் முன் சிப்பி கிடக்கும் கடலடிப் பாரிலிருந்து சிப்பிகளை மாதிரிக்கு எடுப்பார்கள். அழுகவைத்து, கழுவி, கிடைத்த முத்துகளை அளவுவாரியாகப் பிரித்து மதிப்புப் போடுவார்கள். அதை வைத்துத்தான் சலாபம் நடத்துவதா வேண்டாமா என்ற முடிவு. ஒரு மூலையில் எடுத்த நூறு சிப்பி போதுமா? பாரின் எல்லாப் பக்கமும் எடுக்க வேண்டாமா? இதைப் பேசிவிட்டு, ‘எங்க தெருவுல ஒருத்தரும் படிக்கல, அதனால இந்தக் காலத்துப் பிள்ளைங்களே படிக்கறதில்ல’ என்ற வாக்கியத்தைப் பலகையில் எழுதுங்கள். என்ன கோளாறு என்று பிள்ளைகளே சொல்வார்கள்.

அடுத்து, பழைய கதை அல்லாத ஒன்று: கடல் அட்டை. 2001இல் அதை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்தார்கள்; பிடித்தாலும் வைத்திருந்தாலும் குற்றம். மன்னார் வளைகுடாக் கரையில் இதைப் பற்றிக் கருத்து இல்லாத வீடு குறைவு. நம் ஊரில் யாரும் தின்பதில்லை. அவித்து, காயவைத்து, கிழக்காசிய நாடுகளுக்குப் போகிற சரக்கு. அட்டை மணலைத் தின்று கழித்துக் கடலடியைச் சுத்தமாக வைக்கிறது என்பது ஒரு பக்கம். அக்கரையில் இலங்கையில் உரிமம் வாங்கிப் பிடிக்கிறார்களே என்பது மறுபக்கம்.

ஒரு பிள்ளை எழுதக்கூடிய முதல் வரி இது: ‘கடல் அட்டைத் தடை தவறு. ஏனென்றால் மீனவர்கள் பாதிக்கப்படுகிறார்கள்.’ இதைத் திருத்துகிறேன் என்று சிவப்புப் பேனாவை எடுக்க வேண்டாம். பக்கத்துப் பிள்ளை மூன்று கேள்வி கேட்கட்டும். எந்த மீனவர்? எப்படிப் பாதிப்பு? பாதிப்பு இருந்தால் சட்டம் தவறாகிவிடுமா? மூன்றாவது கேள்விதான் உயிர். பிரிட்டிஷ் தத்துவவாதி ஸ்டீபன் டூல்மின் 1958இல் எழுதிய நூலில், கூற்றுக்கும் சான்றுக்கும் நடுவே இருக்கும் இந்தச் சொல்லப்படாத இணைப்பைத்தான் தோண்டி எடுத்தார். மணிமேகலையின் இருபத்தொன்பதாம் காதை பக்கம், ஏது, திருட்டாந்தம் என்று பிரித்து, ஏதுவில் எத்தனை வகைப் போலி வரும் என்று அடுக்குவதும் இதைத்தான்.

மூன்று கேள்விக்குப் பிறகு அதே வரி இப்படி மாறலாம்: ‘முங்கி எடுத்து விற்கிறவரையும், வலையில் மீனோடு மீனாக வந்த அட்டையைக் கவனிக்காமல் கரைக்குக் கொண்டுவந்தவரையும் ஒரே தட்டில் வைப்பது சரியில்லை. அட்டை அழிந்தால் கடலடி கெடும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தெரியாமல் வந்ததைத் திரும்பக் கடலில் விட ஒரு வழி சொல்லிக்கொடுத்த பிறகுதான் தண்டிக்க வேண்டும்.’ முதல் வரியில் இருந்த கோபம் குறையவில்லை. கோரிக்கை மட்டும் தெளிவாகிவிட்டது. மீனவர் குறைதீர் கூட்டத்துக்கு இந்தப் பிள்ளையின் அப்பா கொண்டுபோகிற மனுவில் அப்படியே சேர்க்கலாம்.

கடைசியாக, எல்லோரும் மனதில் வைத்துக்கொண்டு கேட்காத கேள்வி. ஸ்டெர்லைட் ஆலையைப் பற்றி வகுப்பில் பேசலாமா? அந்த ஆலையை எதிர்த்த போராட்டத்தின்போது 2018 மே மாதம் நடந்த துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் இறந்த ஊர் இது. இறந்தவர்களின் உறவுக்காரப் பிள்ளையும், ஆலை மூடியதால் வேலை போனவர் பிள்ளையும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருக்கலாம். என் முடிவு இது: பேசலாம், ஆனால் ஆண்டின் தொடக்கத்தில் அல்ல, கைதூக்கி வாக்கெடுப்பாகவும் அல்ல. இடது பக்கத்தை நேர்மையாக எழுதக் கற்றுக்கொண்ட வகுப்பில் மட்டும். அப்போதும் கையில் ஆவணம் இருக்க வேண்டும். துப்பாக்கிச் சூட்டை விசாரித்த அருணா ஜெகதீசன் ஆணையத்தின் அறிக்கை 2022இல் சட்டமன்றத்தில் வைக்கப்பட்டது. ஆலையைத் திறக்கக் கோரிய மனுவை உச்ச நீதிமன்றம் 2024 பிப்ரவரி 29 அன்று தள்ளுபடி செய்தது. ஒரு தரப்பின் வாதத்தை நீதிமன்றம் முதலில் எப்படி எடுத்துச் சொல்கிறது, பிறகு எதனால் மறுக்கிறது என்று பார்க்க மேல்வகுப்புப் பிள்ளைகளுக்கு அது நல்ல பாடம். எட்டாம் வகுப்புக்கு வேண்டாம்.

இந்த வாரமே தொடங்க நினைக்கும் ஆசிரியர்களுக்கு ஒரு கேள்வி தருகிறேன். ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. நாட்டுப்படகுகளுக்குத் தடை இல்லை. இந்தப் பாகுபாடு நியாயமா? விசைப்படகு வீட்டுப் பிள்ளை நாட்டுப்படகுக்காரரின் பக்கத்தை எழுதட்டும், நாட்டுப்படகு வீட்டுப் பிள்ளை விசைப்படகுக்காரரின் பக்கத்தை எழுதட்டும். கையெழுத்து வாங்க மறக்காதீர்கள்.

(தொடரும்)