குணமும் குணமாதலும்

தமிழில் 'குணம்' என்ற சொல் இரண்டு வேலை செய்கிறது. 'அவ குணமே அப்படித்தான்' என்கிறபோது அது மாறாத இயல்பு. 'காய்ச்சல் குணமாயிடுச்சு' என்கிறபோது அதுவே மாற்றம். உளமருத்துவம் 'ஆளுமைக் கோளாறு' என்று பெயரிட்டிருக்கும் நிலை இந்த இரண்டு அர்த்தங்களுக்கும் நடுவே மாட்டிக்கொண்டு கிடக்கிறது.

உத்திரமேரூர் என்றால் குடவோலைக் கல்வெட்டைப் பேசுகிறோம். முதலாம் பராந்தகன் காலத்து அந்தக் கல்வெட்டு, சபையில் யார் இருக்கக்கூடாது என்பதையும் விரிவாகச் சொல்கிறது. கணக்குக் காட்டாதவன் மட்டுமல்ல, அவன் உறவுமுறைகளும் விலக்கப்பட்டனர். ஒருவர் நடத்தைக்காக உறவையும் சேர்த்துத் தள்ளிவைக்கும் மனம் இன்னும் போகவில்லை. கையைக் கீறிக்கொள்ளும் பெண்ணை எங்கள் பக்கத்தில் 'திமிரு', 'நடிப்பு', 'காத்து பட்டிருக்கு' என்பார்கள். தங்கச்சிக்கு வரன் அமையாதே என்று வீடு அவளை மறைத்துவைக்கும்.

ஆளுமைக் கோளாறு ஒழுக்கக்கேடு அல்ல. தன்னைப் பற்றிய உணர்விலும் பிறருடனான உறவிலும் நெடுங்காலம் தொடர்ந்து வாழ்வைக் குலைக்கும் ஒரு போக்கு. அதில் ஒரு வகையான எல்லைக்கோட்டு ஆளுமைக் கோளாறில் கைவிடப்படுவோம் என்ற தீராத பயம், ஒரு பொழுதுக்குள் தலைகீழாகும் மனநிலை, தன்னையே காயப்படுத்திக்கொள்வது எல்லாம் சேர்ந்து வரும். பிறவிக்கூறுக்கும் பங்குண்டு, சிறுவயதில் பட்ட வன்முறைக்கும் புறக்கணிப்புக்கும் பங்குண்டு.

ஃபூக்கோவைப் படித்த நம்மில் சிலர், 'இதெல்லாம் அதிகாரம் குத்தும் முத்திரை' என்று முடித்துக்கொள்கிறோம். முத்திரைதான், மறுக்கவில்லை. ஆனால் முத்திரையை மறுத்த கையோடு ஆளையும் விட்டுவிட்டால் அங்கே காத்திருப்பது விடுதலை அல்ல. 2001 ஆகஸ்ட் 6இல் ஏர்வாடியில், தர்காவை அண்டிய தனியார் விடுதியொன்றில், சங்கிலியோடு 28 மனநோயாளிகள் எரிந்துபோனார்கள்.

இது மாறுமா? அமெரிக்காவில் மேரி ஸனாரினி குழுவினர் இக்கோளாறுள்ள 290 பேரை 1992 முதல் தொடர்ந்து கவனித்தனர். 10 ஆண்டுகளில் 93 விழுக்காட்டினருக்கு அறிகுறிகள் தணிந்து, குறைந்தது 2 ஆண்டுகள் அப்படியே நீடித்தன. ஆனால் வேலை, உறவு உள்ளிட்ட முழு மீட்சி பாதிப் பேருக்குத்தான் கிடைத்தது. அறிகுறி அடங்கிய பிறகும் மனிதர்களிடையே இடம் கிடைப்பது தனிப் பிரச்சினை என்று இதை வாசிக்கிறேன்.

இதற்கென்று தனி மாத்திரை கிடையாது. கூட வரும் மனச்சோர்வுக்கு மருந்து உதவலாம். முதன்மையான சிகிச்சை பேச்சுதான். மார்ஷா லினஹன் உருவாக்கிய முறையில் வாரந்தோறும் தனிச் சந்திப்பும் குழுப் பயிற்சியும் உண்டு. ஒருவரை இருக்கிறபடியே ஏற்பதும், மாறக் கேட்பதும் அதில் ஒன்றாக நடக்கின்றன. தாமே 17 வயதில் மனநல மருத்துவமனையில் இருந்தவர் என்பதை 2011இல் அவர் வெளிப்படையாகச் சொன்னார்.

உத்திரமேரூரிலிருந்து காஞ்சிபுரத்துக்கோ செங்கல்பட்டுக்கோ அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்குப் போய்வந்தால் ஒருநாள் கூலி போச்சு. வாராவாரம் எப்படிப் போவது? 2022 முதல் 14416 என்ற இலவசத் தொலைபேசி இருக்கிறது, தமிழில் பேசலாம். சங்கிலியில் கட்டுவதை 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டம் தடைசெய்கிறது. மீதி நம் கையில். கீறிய கையை 'நடிப்பு' என்னாமல் இருப்பது. முடியாததை முடியாது என்றும், அதற்காக விட்டுப் போகமாட்டேன் என்றும் சேர்த்தே சொல்வது. சனிக்கிழமை வர்றேன்னு சொன்னா சனிக்கிழமை போய் நிற்பது.

இறந்த கவிஞனின் சிதைவுக்குச் சிறப்பிதழ் போடுகிறோம். உயிரோடிருக்கும் தோழரை 'அவரு ஒரு மாதிரி' என்று கூட்டத்துக்குக் கூப்பிடாமல் விடுகிறோம். அடுத்த கூட்டத்துக்கு அவருக்கும் ஒரு கார்டு போடலாம்.