உங்களுக்குத் தெரியுமா? வலைக்கு இந்தப் பக்கம் பசுமலை, அந்தப் பக்கம் மாஸ்கோ

மதுரையை ஒட்டிய பசுமலைக்கும் வாலிபாலுக்கும் ஒருவகையில் ஊர்ச் சொந்தம் உண்டு. திருமங்கலத்தில் இருந்த செமினரியை 1845ல் பசுமலைக்குக் கொண்டுவந்த அமெரிக்கன் மதுரா மிஷனின் தலைமையகம் பாஸ்டன், மாசசூசெட்ஸ் மாநிலம். வாலிபால் பிறந்ததும் அதே மாநிலம்தான். 1895ல், ஹோலியோக் என்ற ஊரின் ஒய்.எம்.சி.ஏ. கூடத்தில். பாதிரிமார் பந்தையும் பெட்டியில் வைத்துக்கொண்டு வந்தார்கள் என்று எழுதிவிட ஆசைதான். என்ன செய்வது, அவர்கள் பசுமலையில் குடியேறி 50 வருஷம் கழித்துத்தான் அந்த ஆட்டமே பிறந்தது.

★

அந்த ஆட்டத்தைக் கண்டுபிடித்தவர் வில்லியம் மார்கன். ஓடியாடும் பாஸ்கெட்பால் இளவட்டங்களுக்குச் சரி, வேலை முடிந்து கூடத்துக்கு வரும் நடுத்தர வயது வியாபாரிகளுக்கு மூச்சு வாங்கியது. டென்னிஸ் வலையை 6 அடி 6 அங்குலத்துக்குத் தூக்கிக் கட்டி, இடிபடாமல் ஆட ஒரு வழி செய்தார். முதலில் வைத்த பெயர் 'மின்டொனெட்'. 1896ல் ஸ்பிரிங்ஃபீல்டில் ஆடிக் காட்டியபோது, பார்த்துக்கொண்டிருந்த ஆல்ஃபிரட் ஹால்ஸ்டெட் சொன்ன பெயர்தான் இன்றுவரை நிற்கிறது. தொப்பை விழுந்த கனவான்களுக்காக உண்டான ஆட்டத்தில் இன்று பெண்கள் எம்பி அடிக்கிற அடியைப் பார்த்தால் மார்கனே ஒதுங்கி நிற்பார்.

★

மதுரை அமெரிக்கன் கல்லூரி பிறந்த இடம் கோரிப்பாளையம் பக்கம் அல்ல. 1881ல் பசுமலையில் தொடங்கி, 1904ல்தான் மதுரைக்குக் குடிபெயர்ந்தது. பெண்களுக்கான லேடி டோக் கல்லூரியை 1948ல் கேட்டி வில்காக்ஸ் அம்மையார் தொடங்கினார். அதுவும் இதே மிஷன் வழி வந்ததுதான்.

★

நம் பள்ளிகளில் 'பி.டி. மாஸ்டர்', 'பி.டி. டீச்சர்' என்று ஒருவர் விசிலோடு நிற்பதற்குப் பெரிய காரணம் ஹாரி குரோ பக். 1920ல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கிய அமெரிக்கர். 1924 பாரிஸ் ஒலிம்பிக்குக்குப் போன இந்தியக் குழுவுக்கு மேலாளரும் அவரே. வாலிபால் இந்தியாவுக்கு வந்ததே ஒய்.எம்.சி.ஏ. வழியாகத்தான். வலை ஒன்று, பந்து ஒன்று, இரண்டு கம்பம் இருந்தால் போதும், பன்னிரண்டு பேர் ஆடலாம். கையில் காசில்லாத பள்ளிகளுக்கு இதைவிடத் தோதான ஆட்டம் கிடைக்காது.

★

இனி வருவதைச் சொன்னால் வாலிபால் ஆடுகிறவர்களே நம்ப மறுக்கிறார்கள். பெண்களுக்கான முதல் உலக வாலிபால் சாம்பியன்ஷிப் 1952 ஆகஸ்டில் மாஸ்கோவில் நடந்தது. கலந்துகொண்டவை மொத்தம் எட்டே அணிகள். சோவியத் யூனியன், போலந்து, செக்கோஸ்லோவாகியா, பல்கேரியா, ருமேனியா, ஹங்கேரி, பிரான்ஸ். எட்டாவது அணி? இந்தியா!

இந்திய வாலிபால் சம்மேளனம் அமைந்ததே அதற்கு முந்தைய ஆண்டு, 1951ல்தான். சுதந்திரம் வாங்கி ஐந்தே வருஷம். உலகச் சம்மேளனத்துக்கும் அப்போது ஐந்து வயதுதான், 1947ல் பாரிஸில் பிறந்தது. ஆசியாவிலிருந்து வந்த ஒரே பெண்கள் அணி நம்முடையது. ஜப்பான் இல்லை, சீனா இல்லை, கொரியா இல்லை. போட்டி நடந்தது டைனமோ ஸ்டேடியத்தில், திறந்தவெளியில். நம் அணிக்குக் கிடைத்தது கடைசி இடம், எட்டாம் இடம். முதல் பரிசு வாங்கியது போட்டியை நடத்திய சோவியத் யூனியன்.

எட்டாவது இடம் என்று இளக்காரமாகப் பார்க்க வேண்டாம். அதற்குப் பிறகு இன்றுவரை இந்தியப் பெண்கள் அணி உலகச் சாம்பியன்ஷிப் பக்கமே போகவில்லை. 2025ல் தாய்லாந்தில் நடந்த போட்டியில் அணிகளின் எண்ணிக்கையை 32 ஆக்கினார்கள். வியட்நாம் முதன்முறையாக உள்ளே வந்தது. நாம் வரவில்லை.

★

ஜப்பான் பெண்கள் உலகச் சாம்பியன்ஷிப்புக்கு வந்தது நமக்கு எட்டு வருஷம் பிந்தி, 1960ல். வந்த வேகத்தில் வெள்ளி. 1962ல் அதே மாஸ்கோவில் சோவியத் யூனியனைச் சாய்த்துத் தங்கம்.

இந்த வேகம் எங்கிருந்து வந்தது? ஒரு பஞ்சாலையிலிருந்து. ஒசாகா பக்கத்தில் கைசூகா என்ற ஊரில் இருந்த நிச்சிபோ மில் அணிதான் ஏறக்குறைய முழு தேசிய அணியும். பயிற்சியாளர் தைமாட்சு ஹிரோபுமி, அதே கம்பெனி ஊழியர். பெண்கள் பகலில் ஆலையின் அலுவலகத்தில் வேலை பார்ப்பார்கள், மாலையில் பயிற்சி தொடங்கினால் நள்ளிரவு வரை போகும். விழுந்து பந்தை எடுத்து, விழுந்த வேகத்திலேயே உருண்டு எழுந்து நிற்கும் உத்தியை அவர்களுக்குப் பழக்கியவர் அவர்தான். ஐரோப்பியர்கள் மிரண்டுபோய் 'கீழ்த்திசைச் சூனியக்காரிகள்' என்று பெயர் வைத்தார்கள். பயிற்சி என்ற பேரில் வதைத்தார் என்ற பழியும் தைமாட்சு மேல் உண்டு. எனக்கும் அந்தப் பயிற்சி முறையில் முழு உடன்பாடு கிடையாது. ஆனால் வேலை, சம்பளம், தங்கும் இடம், மைதானம் எல்லாம் ஒரே சுவருக்குள் கிடைத்ததே, அதை யோசித்துப் பாருங்கள்.

மதுரையிலும் மில் இருந்தது. ஹார்வி மில் சங்கு ஊதினால் பாதி ஊர் நேரம் பார்த்துக்கொள்ளும் காலம் ஒன்று இருந்தது.

★

1964 டோக்கியோ ஒலிம்பிக்கில்தான் வாலிபால் முதன்முதலில் ஆடப்பட்டது. ஒலிம்பிக் வரலாற்றில் பெண்களுக்கென்று வந்த முதல் குழு விளையாட்டும் அதுவே. அக்டோபர் 23 அன்று இறுதி ஆட்டம், ஜப்பானும் சோவியத் யூனியனும். ஜப்பானில் தொலைக்காட்சி பார்வை அளவு 66.8 சதவீதம். விளையாட்டு ஒளிபரப்பில் அந்த நாட்டின் சாதனை அது.

கேப்டன் கசாய் மசாயேக்கு அப்போது 31 வயது. ஆட்டத்துக்காகக் கல்யாணத்தைத் தள்ளிப்போட்டவர். ஒலிம்பிக் முடிந்ததும் அவருக்கு மாப்பிள்ளை பார்த்துக் கொடுத்தவர் யார் தெரியுமா? நாட்டின் பிரதமர் சாட்டோ.

★

அர்ஜுனா விருது தொடங்கிய 1961லேயே வாலிபாலுக்காக அதை வாங்கியவர் ஏ.பழனிசாமி. பெண்களில் 1973ல் மாலினி ரெட்டி, 1975ல் கே.சி.ஏலம்மா, 1984ல் சாலி ஜோசப். ஏலம்மாவும் சாலியும் கேரளக்காரர்கள். 1984க்குப் பிறகு வாலிபாலில் இந்த விருது பெற்றவர்களின் பெயர்களை வரிசையாகப் படியுங்கள்: சிரில் வல்லூர், உதயகுமார், ரமணா, கபில்தேவ், டாம் ஜோசப்... பெண் பெயர் வருகிறதா என்று தேடிக்கொண்டே கடைசிவரை போய்விடுவீர்கள்.

★

பாட்மின்டன் பி.வி.சிந்துவின் அந்த எட்டிப்பிடிக்கும் உயரம் வாலிபால் வீட்டுச் சொத்து. அப்பா ரமணா, 1986 சியோல் ஆசிய விளையாட்டில் வெண்கலம் வென்ற ஆண்கள் அணியில் ஆடியவர். அம்மா விஜயாவும் வாலிபால் வீராங்கனைதான்.

★

பெண்களுக்கான வலை உயரம் 2.24 மீட்டர். ஆண்களுக்கு 2.43. வித்தியாசம் 19 சென்டிமீட்டர்.

பந்தின் எடை 260 முதல் 280 கிராம்வரை, கால் கிலோவும் கொஞ்சமும். கேட்க லேசாகத்தான் இருக்கும். புதிதாக 'அண்டர் ஆர்ம்' பழகும் பிள்ளையின் முன்கையைப் பாருங்கள். மணிக்கட்டுக்கு மேலே நாலு விரல் அகலத்துக்குச் சிவந்து, முதல் வாரம் முழுக்கத் தடிப்பு தடிப்பாக இருக்கும். கட்டைவிரல்கள் இரண்டையும் சேர்த்து, முழங்கையை மடக்காமல் நீட்டி, எலும்பின் தட்டையான பக்கத்தில் பந்தை வாங்கப் பழகிய பிறகுதான் வலி விடும். வலி விட்டதும் பிள்ளை மைதானத்தை விடாது.

★

நாற்பது தாண்டியவர்கள் பள்ளியில் ஆடியது வேறு கணக்கு. சர்வீஸ் யார் கையில் இருக்கிறதோ அவர்களுக்குத்தான் பாயிண்ட், 15 எடுத்தால் செட். சர்வீஸ் மாறி மாறிப் போய்க்கொண்டே இருக்கும், பாயிண்ட் நகராது. சில ஆட்டங்கள் இருட்டிய பிறகும் முடியாது. 1998ல் எடுத்த முடிவுப்படி இப்போது ஒவ்வொரு பந்துக்கும் ஒரு பாயிண்ட், 25க்கு ஒரு செட், ஐந்தாவது செட் மட்டும் 15. தொலைக்காட்சிக்காரர்களுக்கு நேரம் கணிக்க முடிந்தது.

அதே ஆண்டு சேர்ந்த இன்னொன்று 'லிபரோ'. வேறு நிற ஜெர்ஸியோடு ஒருவர் மட்டும் நிற்பாரே, அவர்தான். பின்வரிசையில் பந்தை எடுப்பது மட்டுமே வேலை. சர்வதேச அளவில் ஆறடிப் பெண்கள் நிறைந்த ஆட்டத்தில், உயரம் குறைந்தாலும் கண்ணும் காலும் வேகமாக உள்ள பிள்ளைக்குத் திறந்த கதவு அது. நம் பக்கத்துப் பள்ளிகளில் 'உயரம் பத்தாது' என்று தேர்வில் திருப்பி அனுப்புகிறவர்கள் இந்த விதியைக் கொஞ்சம் நினைவில் வைத்தால் நல்லது.

★

தெற்காசிய விளையாட்டுப் போட்டிகளில் 2016ல் குவாஹாத்தியிலும் 2019ல் காத்மாண்டுவிலும் தங்கம் நம் பெண்களுக்கே. காத்மாண்டு இறுதி ஆட்டம் சும்மா கிடைக்கவில்லை. எதிரே நேபாளம், சொந்த மண், ஐந்து செட் வரை இழுத்தார்கள். நேபாளம் 2017லேயே வாலிபாலை தேசிய விளையாட்டாக அறிவித்துவிட்ட நாடு. இலங்கையும் அப்படியே, 1991லிருந்து அங்கே இதுதான் தேசிய விளையாட்டு. யாழ்ப்பாணத்தில் 'ஓவர் கேம்' என்று தனிப் பாணியே உண்டு. கனடா, லண்டன் போன தமிழர்கள் அங்கேயும் அதற்குப் போட்டி வைத்து ஆடுகிறார்கள்.

ஆசிய அளவுக்குப் போனால் நம் கதை மாறுகிறது. 2023 ஹாங்சூ ஆசிய விளையாட்டில் நிர்மல் தன்வர் தலைமையில் போன பெண்கள் அணிக்கு ஒன்பதாம் இடம். ஒலிம்பிக்கில் ஆண்களோ பெண்களோ, இந்திய வாலிபால் அணி எதுவும் இதுவரை ஆடியதில்லை.

★

தேசியப் போட்டிகளில் பெண்கள் பிரிவில் ரயில்வேயும் கேரளாவும் மோதுவது வழக்கமான காட்சி. காரணம் எளிது. ரயில்வே வேலை கொடுக்கிறது. நன்றாக ஆடும் பெண் எந்த மாநிலத்துப் பெண்ணாக இருந்தாலும், விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை கிடைத்தால் அவர் அணியும் ஜெர்ஸி ரயில்வேயுடையதாகிவிடுகிறது. வேலைதான் அவரை இருபத்தைந்து வயதுக்கு மேலும் மைதானத்தில் வைத்திருக்கிறது. கல்லூரி முடித்து வேலையும் கிடைக்காதவரின் ஆட்டம் பெரும்பாலும் கல்யாணப் பத்திரிகையோடு முடிகிறது. தமிழ்நாட்டிலும் அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது.

2019ல் வந்த புரோ வாலிபால் லீக்கும் 2022ல் வந்த பிரைம் வாலிபால் லீக்கும் ஆண்களுக்கானவை. கிரிக்கெட்டில் பெண்களுக்கு 2023லேயே லீக் வந்துவிட்டது. வாலிபால் லீக் நடத்துகிறவர்கள் யாராவது இதைப் படித்தால் ஒரு பதில் போடலாம்.

★

பெண்கள் வாலிபாலுக்குக் கூட்டம் வராது என்பவர்களுக்கு ஒரு எண்: 92,003. 2023 ஆகஸ்ட் 30 அன்று அமெரிக்காவின் நெப்ராஸ்கா பல்கலைக்கழகம் தன் அமெரிக்கன் ஃபுட்பால் மைதானத்தின் நடுவில் வாலிபால் கோர்ட் போட்டு, பெண்கள் அணியை ஆடவிட்டபோது வந்து உட்கார்ந்தவர்கள் இத்தனை பேர். தேசிய அணிகூட இல்லை, கல்லூரி ஆட்டம்.

★

கியூபா பெண்கள் 1992, 1996, 2000 என்று ஒலிம்பிக் தங்கத்தை மூன்று முறை தொடர்ந்து அள்ளினார்கள். தாய்லாந்து 2009, 2013, 2023ல் ஆசியச் சாம்பியன். 2024 பாரிஸ் ஒலிம்பிக் தங்கமும் 2025 உலகச் சாம்பியன் பட்டமும் இத்தாலிக்கு.

★

கடைசியாக ஒரு மனைக் கணக்கு. கோர்ட்டின் நீளம் 18 மீட்டர், அகலம் 9. சுற்றிலும் குறைந்தது 3 மீட்டர் வெற்றிடம் விடச் சொல்கிறது விதி. ஆக 24க்கு 15, 360 சதுர மீட்டர். நம்ம ஊர்க் கணக்கில் ஒன்பது சென்ட்டுக்குக் கொஞ்சம் குறைவு. கல்லைப் பொறுக்கி, சாயங்காலம் தண்ணீர் தெளித்துப் புழுதியை அடக்கி, சுண்ணாம்பில் கோடு போட்டால் ஆடலாம். பசுமலையில் இன்று ஒன்பது சென்ட் என்ன விலை என்று தரகரிடம் கேட்டால் மயக்கம் வரும். கேட்க வேண்டாம். கம்பம் நட்டு, வலை கழற்றிய நிலையில் இருக்கும் பள்ளி மைதானம் உங்கள் தெருவிலிருந்து எத்தனை நிமிட நடை என்று மட்டும் பாருங்கள்.