வந்த மின்னஞ்சல் ஏன் மறைகிறது?

தென்காசி வட்டாரத்தில், மத்தளம்பாறையில் அலுவலகம் கொண்டுள்ள ஸோஹோவின் அஞ்சல் சேவையாயினும் ஜிமெயிலாயினும், கடிதங்கள் சேவையகம் எனப்படும் மையக் கணினியிலேயே தங்குகின்றன. அவற்றைப் பிற கருவிகளுக்குக் கொண்டுசேர்க்கும் நெறிமுறைகளுள், 1986இல் உருவான ஐமேப் எல்லாக் கருவிகளையும் சேவையகத்தோடு ஒத்திசைக்கிறது. 1984இல் வரையறுக்கப்பட்ட பாப், நகலை விட்டுவைக்குமாறு அமைக்கப்படாதபோது, கடிதத்தை இறக்கிக்கொண்டு மூலத்தை அழித்துவிடக்கூடும். எனவே பாளையங்கோட்டைப் பள்ளியொன்றின் பழைய அலுவலகக் கணினி பாப் வழியில் இயங்குமாயின், தலைமையாசிரியரின் கைபேசியில் காலையில் தெரிந்த சுற்றறிக்கை மதியத்திற்குள் காணாமற்போவது வியப்பன்று. ஐயத்திற்குரிய கருவியை நிறுத்திவைத்து, அமைப்புகளை ஒவ்வொன்றாக மாற்றி, ஒவ்வொரு முறையும் சோதனைக் கடிதம் அனுப்பிப் பார்ப்பதே உறுதியான வழி. இரண்டை ஒருசேர மாற்றினால் காரணம் எதுவென்று பிடிபடாது.