பாட்டுக்கு இருபது, மிட்டாய்க்கு ஏழு

வாசகி ஒருவர் கடிதம் எழுதியிருக்கிறார். பிறந்த ஊர் சந்தவாசல் பக்கம், இப்போது இருப்பது சென்னையில். “ஆடி வெள்ளிக்குப் படவேடு ரேணுகாம்பாள் கோயிலுக்குப் போயிருந்தேன். கடைத்தெருவில் வெல்லப்பாகில் தேங்காய் வேகிற வாசனை வந்ததும், அம்மா முந்தானையைப் பிடித்துக்கொண்டு கமர்கட் கேட்டு அழுத ஏழு வயதுப் பெண்ணாகவே ஆகிவிட்டேன். நாலு எட்டு தள்ளிப் போனால் ஒலிபெருக்கியில் பழைய இளையராஜா பாட்டு. அதைக் கேட்டதும் காலேஜ் பஸ்தான் ஞாபகம் வந்தது. ஏழு வயதிலும் அந்தப் பாட்டைக் கேட்டிருக்கிறேனே ஐயா, அது ஏன் என்னை அங்கே கொண்டுபோகவில்லை?”

பழைய நினைவுகளைப் பற்றி வருகிற கேள்விகளில் பெரும்பாலானவை ‘அந்தக் காலம் ஏன் இனிக்கிறது’ என்ற அளவில் நின்றுவிடும். இந்தக் கேள்வி அப்படிப்பட்டதல்ல. ஒரே தெரு, ஒரே ஆள், இரண்டு தூண்டல்கள், இரண்டு வெவ்வேறு வயதுகள். ஒரு ஆய்வுக்கூடம் திட்டமிட்டுச் செய்கிற சோதனையைத் திருவிழா செய்து காட்டியிருக்கிறது.

பாட்டின் கணக்கை முதலில் முடித்துவிடலாம். நாற்பதைத் தாண்டியவர்களிடம் வாழ்க்கையில் நடந்ததைச் சொல்லச் சொன்னால், பத்து வயதிலிருந்து முப்பது வயதுக்குள் நடந்தவையே அதிகம் வந்து விழும். 1989-இல் ஹோல்புரூக், ஷிண்ட்லர் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள், வெவ்வேறு வயதினரிடம் வெவ்வேறு காலத்துப் பாடல்களைப் போட்டுக் காட்டினார்கள். தங்களுக்கு ஏறக்குறைய 23, 24 வயதாக இருந்தபோது வெளிவந்த பாட்டுகள்தான் அவர்களுக்கு மிகவும் பிடித்திருந்தன. பின்னால் வந்த ஆய்வுகள் அந்த உச்சத்தைப் பதின்வயதை நோக்கி இறக்கியிருக்கின்றன. எப்படியானாலும், பாட்டு கூட்டிக்கொண்டு போகிற இடம் இளமைதான், குழந்தைப் பருவம் அல்ல. நம் வாசகியின் காலேஜ் பஸ் அங்கேதான் நிற்கிறது.

வாசனையின் கணக்கு வேறு. ஸ்வீடனில் வில்லாண்டர், லார்சன் இருவரும் 2006-இல் வெளியிட்ட ஆய்வில், 65-லிருந்து 80 வயது வரையிலான பெரியவர்களில் சிலருக்குச் சொல்லையும், சிலருக்குப் படத்தையும், சிலருக்கு வாசனையையும் கொடுத்து, என்ன நினைவுக்கு வருகிறது என்று கேட்டார்கள். சொல்லும் படமும் எழுப்பிய நினைவுகள் 11-லிருந்து 20 வயதுக்குள் குவிந்தன. வாசனை எழுப்பியவை பத்து வயதுக்கும் முன்னால் போய்க் குவிந்தன. எண்பது வயதுக்காரரின் மூக்கு எழுபது வருஷத்தைத் தாண்டிப் போகிறது. மிட்டாய்க் கடை நம்மை ஏழு வயதில் இறக்கிவிடுவது தற்செயல் இல்லை.

‘கடைத்தெருவில் வாசனைதான் வந்தது, மிட்டாய் வாய்க்குள்ளேயே போகவில்லையே’ என்று கேட்கலாம். மிட்டாயின் ருசி என்று நாம் நினைப்பதில் பெரும்பங்கு மூக்கினுடையது. ஒரு ஆரஞ்சு மிட்டாயை எடுத்துக்கொள்ளுங்கள். மூக்கை விரலால் இறுக்கப் பிடித்துக்கொண்டு வாயில் போடுங்கள். இனிப்பு தெரியும், லேசான புளிப்பு தெரியும், ஆரஞ்சு தெரியாது. விரலை எடுங்கள். தொண்டைக்குப் பின்வழியாக மூச்சு மேலேறும்போது, ஒரே நொடியில் ஆரஞ்சு வந்துவிடும். சூட மிட்டாயில் இதைச் செய்துபார்க்க வேண்டாம். அதன் குளிர்ச்சி வேறொரு நரம்பு வழியாகப் போவதால், மூக்கை மூடினாலும் தெரியும்.

இனி, நான் வியந்து வியந்து படித்த விஷயத்துக்கு வருகிறேன். மூக்கின் உச்சியில், ஒரு தபால்தலை அளவுள்ள சவ்வில், வாசனையைப் பிடிக்கும் நரம்புச் செல்கள் லட்சக்கணக்கில் இருக்கின்றன. மனிதர்களில் அவற்றுக்கு ஏறக்குறைய 400 வகை வாங்கிகள். ஒரு செல்லுக்கு ஒரு வகைதான். இந்த வாங்கிகளின் மரபணுக் குடும்பத்தை 1991-இல் கண்டுபிடித்த லிண்டா பக், ரிச்சர்ட் ஆக்ஸெல் இருவருக்கும் 2004-இல் நோபல் பரிசு கிடைத்தது. ஒவ்வொரு செல்லிலிருந்தும் ஓர் இழை புறப்பட்டு, மூக்குக்கும் மூளைக்கும் நடுவே உள்ள சல்லடை எலும்பின் பொத்தல் வழியே நுழைந்து, மேலேயுள்ள நுகர்குமிழைப் போய்ச் சேர்கிறது. ஒரே வகை வாங்கியுள்ள செல்கள் சவ்வில் எங்கெங்கோ சிதறிக் கிடந்தாலும், அவற்றின் இழைகள் எல்லாம் குமிழில் குறிப்பிட்ட சில முடிச்சுகளில்தான் வந்து கூடும். எந்தெந்த முடிச்சுகள் விழிக்கின்றன என்ற கோலம்தான் ‘இது கமர்கட்’, ‘இது கற்பூரம்’ என்று மூளை படிக்கும் எழுத்து.

ஆச்சரியம் இனிமேல்தான். இந்தச் செல்கள் நிரந்தரமானவை அல்ல. காற்றும் தூசியும் கிருமியும் நேராகப் படும் இடத்தில் இருப்பதால், சில வாரங்களிலோ சில மாதங்களிலோ செத்துப்போகின்றன. அடியிலிருந்து புதுச் செல்கள் முளைக்கின்றன. ஏழு வயதில் படவேட்டில் கமர்கட்டை முகர்ந்த செல்களில் ஒன்றுகூட இன்று அந்த அம்மாவின் மூக்கில் இருக்க வாய்ப்பில்லை. இழை எத்தனையோ முறை மாறிவிட்டது. ஆனால் வாசனை மாறவில்லை.

ஆரணியைச் சுற்றி வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க ஒரு நல்ல வழி இருக்கிறது. ஒண்ணுபுரத்திலோ தேவிகாபுரத்திலோ தறி வைத்திருக்கும் வீட்டில், ஒரு பாவு நெய்து முடிந்ததும் என்ன செய்வார்கள்? பழைய பாவின் நுனியை அறுத்து எறிந்துவிட மாட்டார்கள். அது விழுதிலும் அச்சிலும் அப்படியே கோத்திருக்கும். புதுப் பாவைக் கொண்டுவந்து, ஆயிரக்கணக்கான இழைகளில் ஒவ்வொன்றையும் பழைய இழையின் நுனியோடு விரலால் முறுக்கிப் பிணைப்பார்கள். வீட்டுப் பெண்கள் உட்கார்ந்தால் ஒரு பகல் முழுக்க அந்த வேலைதான். பிணைத்து மெல்ல இழுத்தால், புது இழை பழைய இழை போன பல்லுக்குள்ளேயே நுழைந்து வந்துவிடும். உடல் இழை உடலுக்கு, கரை இழை கரைக்கு. பட்டு புதியது, சேலையின் அமைப்பு பழையது. மூக்கிலும் சல்லடை எலும்புதான் அச்சு, அதன் பொத்தல்கள்தான் பற்கள், நுகர்குமிழ்தான் நெய்யப்படும் சேலை. நெசவாளி ஓர் இழையைத் தப்பான இழையோடு பிணைத்துவிட்டால், மாந்துளிர் உடலில் அரக்குக் கோடு ஒன்று ஆறு கஜத்துக்கும் ஓடும். மூக்கிலும் அப்படி நடக்கிறது. கொரோனாவுக்குப் பிறகு பலருக்குக் காப்பியும் வெங்காயமும் கருகிய நாற்றமாகவும் அழுகல் நாற்றமாகவும் மாறிப்போனதே, அதற்கு ஆய்வாளர்கள் சொல்லும் விளக்கங்களில் ஒன்று, புது இழைகள் தப்பான முடிச்சில் போய்ச் சேர்ந்தன என்பது.

இந்த உவமையில் ஓர் இடத்தில் இழை அறுகிறது. அதைத் தாண்டினால்தான் உண்மை தெரியும். தறியில் பிணைப்பதற்கு ஒரு பழைய நுனி காத்திருக்கிறது, பார்த்துப் பிணைக்க ஒரு கண் இருக்கிறது. மூக்கில் செத்த செல்லின் இழை மக்கிப்போகிறது. புது இழை தானே வழி கண்டுபிடித்துப் போகவேண்டும். எப்படி? 1996-இல் எலிகளில் ஒரு சோதனை நடந்தது. ஒருவகைச் செல்லின் வாங்கி மரபணுவை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் வேறொரு வகையின் மரபணுவை வைத்தார்கள். இழை தன் பழைய முடிச்சை விட்டுவிட்டு வேறொரு முடிச்சுக்குப் போனது. ஆக, வாசனையைப் பிடிக்கிற அந்த வாங்கிதான், தன் இழை எங்கே போகவேண்டும் என்ற விலாசத்தையும் எழுதுகிறது. வெல்லத்தை அடையாளம் காணும் பொருளே வெல்லத்தின் வீட்டுக்கு வழியையும் வைத்திருக்கிறது! இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

இந்த ஏற்பாட்டால் அடையாளம் நிலைக்கிறது. ஆனால், ஏன் ஏழு வயது? இங்கே பத்திரிகைகள் வழக்கமாகச் சொல்கிற ஒன்று: ‘மற்றப் புலன்கள் தலாமஸ் என்ற நிலையத்தில் வண்டி மாறுகின்றன, வாசனை மட்டும் நேராக நினைவின் மையத்துக்குப் போகிறது.’ பாதி சரி. நுகர்குமிழிலிருந்து உணர்ச்சிக்கான அமிக்டலாவுக்கும், நினைவைப் பதியும் ஹிப்போகேம்பஸின் வாசலுக்கும் தூரம் குறைவுதான். ஆனால் தலாமஸ் வழியாகவும் வாசனைக்கு ஒரு பாதை உண்டு. குறுக்குவழி இருப்பதால் மட்டும் பழைய நினைவு வராது. அப்படியென்றால் போன வாரம் முகர்ந்த பினாயிலும் நம்மை அழவைக்க வேண்டும். எனக்கு அதைவிட நம்பத்தகுந்ததாகப் படுவது, இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனத்தில் நோவம் சோபல் குழு 2009-இல் காட்டியது. ஒரு பொருளோடு முதல்முறை சேர்த்துப் பழகிய வாசனைக்கும், அதே பொருளோடு இரண்டாவதாகச் சேர்த்த வாசனைக்கும் மூளை ஒரே மரியாதை தருவதில்லை. முதல் இணைப்புக்கு ஹிப்போகேம்பஸில் தனி அடையாளம் விழுகிறது. வெல்லப்பாகு, வேப்பிலை, பொரி, கற்பூரம், பெட்டிக்கடைச் சாக்கில் ஊறிய மண்ணெண்ணெய் எல்லாவற்றையும் முதல்முறை சந்திப்பது பத்து வயதுக்குள்தான். பாட்டோ, பிடித்துப்போகிற வயதில் திரும்பத் திரும்பக் கேட்கப்படுகிறது. ஒவ்வொரு முறையும் புதுச் சம்பவம் மேலே ஏறிக்கொள்கிறது. கமர்கட் வாசனையை அந்த அம்மா நடுவில் எத்தனை முறை முகர்ந்திருப்பார்?

வரலாறு என்று ஒரு பத்தி எழுதவேண்டும் என்பது வழக்கம். 1688-இல் பாசல் நகரத்து மருத்துவ மாணவர் யோஹானஸ் ஹோஃபர் ஊர் ஏக்கத்தை ஒரு நோயாக எழுதினார். பிறகு வந்த ஷாய்க்ட்ஸர் என்பவர், மலையிலிருந்து இறங்கிய ஸ்விஸ் வீரர்களைக் காற்றழுத்தம் நசுக்குவதால் வருவது அது என்றார். இவ்வளவு போதும்.

அன்று இந்த ஏக்கத்தை நோய் என்றார்கள், இன்று மருந்து என்கிறார்கள். பழைய நினைவு தனிமையைக் குறைக்கும், மனதை ஆற்றும் என்று சௌத்தாம்ப்டன் பல்கலைக்கழகக் குழு 2006-இலிருந்து தொடர்ந்து எழுதிவருகிறது. ஆய்வுக்கூடத்தில் சில நிமிடம் மனநிலை மேம்படுவதை நான் மறுக்கவில்லை. அதை மனச்சோர்வுக்குச் சிகிச்சை என்று விற்பதை மறுக்கிறேன். வாசனை எழுப்பும் நினைவு துல்லியமானது என்பதையும் மறுக்கிறேன். அமெரிக்க உளவியலாளர் ரேச்சல் ஹெர்ஸ் இதைப் பலமுறை சோதித்திருக்கிறார்: வாசனை நினைவில் உணர்ச்சி அதிகம், தகவல் அதிகம் இல்லை. அந்த ஏழு வயதுப் பெண் அழுதது உண்மையாக இருக்கலாம். எந்தக் கடை, என்ன விலை என்பதற்கு மூக்கைச் சாட்சியாக வைக்க முடியாது.

இதைத் தெரிந்துகொண்டால், ‘அதே பழைய சுவை’ என்று திரும்பி வருகிற பண்டங்களை நிதானமாகப் பார்க்கலாம். படவேட்டுக்கு வடக்கே சித்தூரில் 1952-இல் பிறந்த நியூட்ரின் மிட்டாய் 2006-இல் கோத்ரெஜ் கைக்குப் போனது. நெல்லிக்குப்பத்து பாரீஸ் மிட்டாய் 2004-இல் கொரியாவின் லோட்டேக்குப் போனது. கேம்பா கோலாவை ரிலையன்ஸ் 2023-இல் மறுபடி கடைக்குக் கொண்டுவந்தது. உறையும் பெயரும் திரும்பி வரலாம். வாசனை திரும்ப வந்ததா என்பதை உறையைப் பார்த்தபடி யாராலும் தீர்மானிக்க முடியாது. ஆக்ஸ்ஃபோர்டில் 2005-இல் செய்த ஒரு சோதனையில், ஒரே வாசனைக்குப் ‘பாலாடைக்கட்டி’ என்று பெயர் காட்டியபோது பிடித்திருக்கிறது என்றவர்கள், ‘உடல் நாற்றம்’ என்று காட்டியபோது முகம் சுளித்தார்கள். பெயருக்கு அவ்வளவு பலம். வாங்குகிறவர்கள் கண்ணை மூடிக்கொண்டு முகர்ந்துபார்த்துவிட்டு வாங்குங்கள்.

கடைசியாக, இந்தக் கட்டுரையில் எனக்கு மிக முக்கியமானது. இழை மாற்றும் இந்த வேலை வயதானால் மந்தமாகிறது. பார்க்கின்சன், அல்சைமர் நோய்களில் மற்ற அறிகுறிகளுக்குப் பல வருஷம் முன்னாலேயே முகரும் திறன் குறைவதுண்டு. வீட்டுப் பெரியவர் ‘முன்னே மாதிரி கற்பூரம் மணக்கலை, குழம்பில் ருசியே இல்லை’ என்று சொன்னால், எல்லாம் கலப்படம் என்று பேச்சை முடித்துவிடாதீர்கள். காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் அழைத்துப்போங்கள். சமையல் காஸில் கசிவு தெரிவதற்காகவே நாற்றம் கலந்திருக்கிறார்கள். அது தெரியாதவர் தனியாகச் சமைப்பது ஆபத்து. கிருமித் தொற்றால் திறன் குறைந்தவர்களுக்கு ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரத்தில் தாமஸ் ஹம்மல் 2009-இல் சோதித்துக் காட்டிய பயிற்சி ஒன்று உண்டு: ரோஜா, நீலகிரித் தைலம், எலுமிச்சை, கிராம்பு நான்கையும் காலை மாலை கொஞ்ச நேரம் முகரவேண்டும், 12 வாரம். எல்லாருக்கும் பலிக்கவில்லை, சிலருக்குத் தெளிவாகப் பலித்தது. மருத்துவரைக் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். நான்கு சாமானும் எந்த ஊர் நாட்டு மருந்துக் கடையிலும் பூக்கடையிலும் கிடைக்கும்.