முயற்கூடும் வீட்டு நாயும்

திருவொற்றியூர், எண்ணூர், இராயபுரம் முதலிய கடலோரப் பகுதிகளில் வீட்டின் பின்புறம் சிறிது திறந்த இடம் உடையவர்கள் முயல் வளர்க்க முற்படும்போது, அம்முற்றத்தில் பெரும்பாலும் ஒரு நாய் ஏற்கெனவே குடியிருக்கிறது. வீட்டுக்குக் காவலாயிருக்கும் அதை விரட்டவும் முடியாது. முயலுக்காகப் போட்ட முதலை இழக்கவும் மனம் வராது. இரண்டையும் ஒரே முற்றத்தில் வைத்துக் காப்பது இயலாத காரியமன்று. ஆயினும் நாயினால் முயலுக்கு வரும் கேடு பல்லினால் மட்டுமே என்று எண்ணிக் கூட்டைப் பூட்டிவிட்டு உறங்கச் செல்பவர் பாதி வேலையையே செய்தவராவர். பல், அச்சம், மலம் ஆகிய மூன்று வழிகளிலும் அக்கேடு வருகின்றது.

முதலில் வளர்க்கும் பிராணி எதுவென்று அறிதல் வேண்டும். நம் நாட்டுக் காடுகளிலும் புதர்களிலும் வாழும் முயல் வேறு. வீட்டில் வளர்க்கும் முயல் ஐரோப்பாவிலிருந்து வந்த வேறோர் இனம். காட்டு முயலைப் பிடிப்பதும் வளர்ப்பதும் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமாகும். காட்டு முயலின் குட்டி உரோமத்தோடும் திறந்த கண்ணோடும் வெட்டவெளியிலேயே பிறக்கும். வீட்டு முயலின் குட்டியோ உரோமமின்றி, கண் திறவாமல், வளைக்குள் பிறக்கும் இயல்புடையது. கண் திறக்க ஏறக்குறைய பத்து நாட்களாகும். மண்ணுக்குள் ஒளிந்து பிழைத்த சாதியை நாம் மண்ணிலிருந்து எடுத்து, ஒளிய இடமில்லாத கூட்டில் வைக்கிறோம் என்பதை மறத்தலாகாது.

நாயின் இயல்பும் இத்தகையதே. தென் மாவட்டங்களில் சிப்பிப்பாறை, கன்னி என்னும் நாயினங்களை முன்னோர் முயல் வேட்டைக்கென்றே வளர்த்துவந்தனர். அவ்வினமல்லாத தெருநாயும் ஓடுகின்ற சிறு பிராணியைத் துரத்தாமல் இராது. குட்டியிலிருந்து முயலோடு பழகிய நாய் ஒன்றும் செய்யாதென்று சிலர் சொல்வர். முயல் அசையாதிருக்கும் வரையில் அது மெய்யாயிருக்கலாம். திடீரென்று துள்ளி ஓடும் கணத்தில் பழக்கம் போய்த் துரத்தும் குணமே மேலோங்கும். ஆதலால் காவலை நாயின் நற்குணத்தில் வையாமல் கூட்டின் உறுதியில் வைப்பதே தகும்.

கூட்டைத் தரையிலிருந்து மூன்றடி உயரக் கால்களின்மேல் அமைப்பது நன்று. தரைமட்டக் கூட்டின்கீழ் இப்பகுதியின் மணலை நாய் ஓரிரவில் பறித்துவிடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் நீர் தேங்கும் இடங்களிலும் உயரக் கூடே பிழைக்கும். ஆயின் அடித்தளம் கம்பி வலையாயிருந்தால், நாய் கூட்டின்கீழ் நுழைந்து, வலைக்கண் வழியே தெரியும் முயலின் விரல்களைக் கடித்துவிடக்கூடும். கூட்டின் கால்களைச் சுற்றியும் வலையடித்து, அந்த அடைப்பு நாயின் மூக்கு கூட்டை எட்டாதபடி இரண்டடி தள்ளியிருக்கச் செய்தல் வேண்டும்.

கோழிக்கு அடிக்கும் மெல்லிய அறுகோண வலை நாயின் பல்லுக்கு நில்லாது. காசிமேட்டில் மலிவாய்க் கிடைக்கும் பழைய மீன்வலையும் உதவாது. நாயும் கடித்தறுக்கும், முயலும் கடித்தறுக்கும், இரண்டில் ஒன்று அதில் கால் சிக்கிக்கொள்ளும். பற்றவைத்த கனமான கம்பி வலையே வேண்டும். அதற்கும் இவ்வூர்களில் ஒரு பகை உண்டு. கடற்காற்றின் உப்பு துத்தநாகப் பூச்சைத் தின்றுவிடும். முயலின் சிறுநீர் படும் இடம் இன்னும் விரைவில் அரிக்கும். வலை பார்வைக்கு முழுமையாயிருக்க, பற்றவைத்த முனைகள் உள்ளே இற்றுப்போயிருக்கும். மாதமொரு முறை ஒவ்வொரு மூலையையும் கையால் பலமாய் இழுத்துப் பார்ப்பது அவசியம். கைக்கு வரும் வலை நாய்க்கும் வரும்.

வலையைப் பற்றிய கவலையால் சிலர் நான்கு புறமும் பலகையடித்து மூடிவிடுகின்றனர். இது நாயினும் பெருங்கேடு. கொடைக்கானல் மலையில் மன்னவனூரிலுள்ள மத்திய அரசின் ஆராய்ச்சி நிலையம் வெள்ளை ஜயண்ட், சோவியத் சிஞ்சில்லா முதலிய இனங்களைப் பேணிவருகின்றது. குளிர்ந்த மலை அவற்றுக்கு ஏற்ற இடம். முயலுக்கு வியர்த்து உடம்பைத் தணிக்கும் வழியில்லை. காதுகளின் வழியாகவே பெரும்பாலும் வெப்பத்தை வெளிவிடும். நிழலில் 30 பாகை வெப்பத்திற்குமேல் அது தவிக்கத் தொடங்கும். கத்திரி வெயிலில் மூடிய கூடு அடுப்பாகும். ஆகவே பிற்பகலில் வீசும் கடற்காற்றுக்காகக் கிழக்குப் புறத்தை வலையாகவே விட்டு, நாய் கட்டும் பக்கத்தை மட்டும் பலகையால் மறைத்தல் போதும். இம்மறைப்பு அச்சத்தையும் தடுக்கும்.

அச்சத்தை அற்பமாய் எண்ணலாகாது. கூட்டைச் சுற்றி நாய் குரைத்து ஓடினால், தொடாமலே முயல் இறந்துபோவதுண்டு. மிரண்டு பின்னங்கால்களை ஓங்கி உதைக்கையில் அதன் இலேசான முதுகெலும்பு தானே முறிந்து, பின்னுடல் செயலற்றுப் போவதும் உண்டு. குட்டி ஈன்ற தாய் கலவரமுற்றால் குட்டிகளை மிதிக்கும், சிலபோது தின்றும்விடும். தாயைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. உள்ளே ஒரு பக்கம் திறந்த மரப்பெட்டி ஒன்று வைத்தால், ஒளிவதற்கு அதுவே வளையாகும்.

மூன்றாவது கேடு கண்ணுக்குப் புலப்படாது. நாயின் குடலில் வாழும் ஒருவகை நாடாப்புழுவின் முட்டைகள் மலத்தோடு வெளிப்பட்டுப் புல்லில் ஒட்டும். அப்புல்லைத் தின்ற முயலின் குடலில் அவை பொரித்து, கல்லீரல் வழியே சென்று, வயிற்றுக்குள் பட்டாணியளவு நீர்க்கொப்புளங்களாகத் தங்கும். முயல் இளைக்கும், காரணம் தெரியாது. அறுத்த முயலின் குடலையும் ஈரலையும் நாய்க்குப் பச்சையாய்ப் போட்டால் புழு மீண்டும் நாய்க்குள் வளரும். எவ்வளவு உறுதியான வேலியும் இச்சுழற்சியைத் தடுக்காது. கழிவை ஆழப் புதைத்தல் அல்லது நன்கு வேகவைத்தல் வேண்டும். நாய்க்கு மருத்துவர் சொல்லும் காலக்கெடுவில் நாடாப்புழு மருந்து கொடுத்தல் வேண்டும். தெருவோரப் புல்லையும் இரயில் பாதையோரப் புல்லையும் தவிர்த்து, அகத்தி, முருங்கை, கல்யாண முருங்கை இவற்றின் தழையை ஒடித்துப் போடுதல் நலம். மரத்தழை நாயின் மலம் எட்டாத உயரத்தில் இருப்பது தனி இலாபம்.

தெருநாய்களை ஊரைவிட்டு அகற்றிவிடலாமென்று எண்ணுவதில் பயனில்லை. 2023-ஆம் ஆண்டின் பிராணிகள் இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகள், கருத்தடையும் தடுப்பூசியும் செய்த நாயைப் பிடித்த இடத்திலேயே விடச் சொல்கின்றன. வெளிக்கதவை அடைத்து வைப்பதே கைவசமுள்ள வழி. நாய் முயலைக் கவ்வியிருக்கையில் இடையே கையை விட்டால் கடி படுவது மனிதர்தான். அவ்வாறு நேர்ந்தால் காயத்தைச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவி, அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். கடிபட்ட முயலையும், காயம் சிறிதாய்த் தோன்றினாலும், கால்நடை மருத்துவரிடம் காட்டல் வேண்டும். உரோமத்தின் கீழே பல் ஆழமாய் இறங்கியிருக்கும். 1903-இல் தொடங்கிய சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை வேப்பேரியில் இருக்கின்றது. வடசென்னையார்க்கு அது எட்டும் தூரமே.

சினை முயல் 30 அல்லது 31 நாளில் ஈனும். இணை சேர்த்த தேதியைக் கூட்டின் பலகையில் எழுதிவைத்து, 28-ஆம் நாள் முதல் குட்டிகள் கண் திறக்கும் வரையில், வீட்டு நாயை இரவில் வாசற்பக்கம் கட்டிவைப்பது நன்று.